வலி மாத்திரை கேட்டால் ஏன் சந்தேகம்? சேலத்து வாசகர்களுக்குப் பதில்கள்

செவ்வாய்ப்பேட்டையில் 26 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தேன். வலி மாத்திரைகளைப் போதைக்கு விற்றவர்கள் கைது என்று செய்தி வரும்போதெல்லாம், உண்மையாகவே வலியில் கிடப்பவர்களுக்கு மருந்து கிடைப்பது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிறது. அது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை): என் வீட்டுக்காரர் தறி நெய்பவர். முதுகில் ஜவ்வு விலகியதற்கு டாக்டர் டிரமடால் என்ற கடுமையான வலிக்கான மருந்து கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று கடைகளில் ஸ்டாக் இல்லை என்றார்கள். நாலாவது கடையில் அவரை மேலும் கீழும் பார்த்தார்களாம். இனி கடைக்கே போகமாட்டேன் என்கிறார். என்ன செய்வது அக்கா?

பதில்: அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, முதலில் அதை அவரிடம் சொல்லுங்கள் அம்மா. 2014 மார்ச் முதல் டிரமடால், எச்1 என்ற கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. வாங்கியவர் பெயர், டாக்டர் பெயர், கொடுத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. கணக்கு இடித்தால் வம்பு என்று பல சின்னக் கடைகள் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. அதனால் ஸ்டாக் இல்லை என்று சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

ஒரே டாக்டர், ஒரே கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். பழைய சீட்டை நீட்டித் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): அம்மாவுக்குப் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் அது போதை மருந்து, அடிமையாகிவிடுவார் என்கிறார்கள். பயந்துபோய் ராத்திரி ஒன்று மட்டும் கொடுக்கிறேன். சரிதானா?

பதில்: தம்பி, இன்றே டாக்டரைக் கேட்டு, அவர் எழுதிய நேரப்படி கொடுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். ராத்திரி ஒன்று கொடுத்தால் மீதி நேரமெல்லாம் உங்கள் அம்மா வலியைத் தாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

உடம்பு பழகுவது வேறு, அடிமையாவது வேறு. கொஞ்ச நாள் சாப்பிட்டால் யாருடைய உடம்பும் மார்ஃபினுக்குப் பழகும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரும். அதனால்தான் நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்பார்கள். அடிமை என்பது கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல் அதன் பின்னால் ஓடுவது. வலி தணிந்து இரண்டு வாய் சோறு சாப்பிட்டுத் தூங்கும் அம்மாவைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். மார்ஃபினோடு மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் போன்றவற்றுக்காக அத்தியாவசியப் போதை மருந்து என்ற வகையை ஏற்படுத்தினார்கள். மாநிலத்துக்கு மாநிலம் நாலைந்து உரிமம் வாங்கிக்கொண்டிருந்த மருத்துவமனைகளுக்கு ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியுங்கள். மாதாமாதம் அவரை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கூட்டிவர வேண்டாம்.

கேள்வி (ஐந்து ரோடு, மருந்துக்கடை ஊழியர்): சீட்டு இல்லாமல் டேபென்டடால் (டிரமடால் போன்ற இன்னொரு வலி மாத்திரை) கேட்டு ராத்திரியில் பையன்கள் மிரட்டுகிறார்கள் மேடம். நல்ல நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த நினைப்பில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர், தலை கலைந்து கை நடுங்க வந்து நின்றார். சீட்டைச் சரியாகப் படிக்காமலேயே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நரம்பு வலியில் இரண்டு நாளாகத் தூங்காதவர் என்று பிறகுதான் தெரிந்தது. ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாராம். இன்றும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆளை விட்டுவிட்டுச் சீட்டைப் பாருங்கள். தேதி, டாக்டரின் பதிவு எண், எண்ணிக்கை சரியா, ஏற்கெனவே வேறு கடை முத்திரை விழுந்திருக்கிறதா, அதைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் டாக்டருக்கே போன் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பதிந்துவிட்டுக் கொடுங்கள், முகம் சுளிக்காதீர்கள். மருந்து இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்புங்கள். மிரட்டல் என்றால் முதலாளியிடம் சொல்லிப் போலீசில் புகார் கொடுங்கள், தனியாகச் சமாளிக்க வேண்டாம்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): மகன் பையில் காலி மாத்திரை அட்டைகளும் ஊசியும் கிடைத்தன. காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறான். அவன் அப்பாவிடம் சொன்னால் அடித்தே கொன்றுவிடுவார்.

பதில்: அடி வேண்டாம் அம்மா, அடித்தால் இன்னும் நன்றாக ஒளித்து வைப்பான். வாயில் போடும் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் சேர்க்கும் டால்க் போன்றவை தண்ணீரில் கரையாது. ரத்தத்தோடு போய் நுரையீரலின் மெல்லிய குழாய்களை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் தொற்றும். ரத்தப் பரிசோதனை அவசியம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு முன் பேச வேண்டுமென்றால் போதை மீட்பு உதவிக்கான இலவச எண் 14446. இது மருந்தால் சரிசெய்யக் கூடிய நோய், பூப்ரினார்ஃபின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மூச்சு மெதுவாகி, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் உடனே 108.

கேள்வி (அஸ்தம்பட்டி): இவ்வளவு தொல்லை தரும் மாத்திரைகளை மொத்தமாகத் தடை செய்தால் என்ன? வலிக்கு வேறு மாத்திரையா இல்லை?

பதில்: இருக்கின்றன, எல்லா வலிக்கும் போதாது. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. டைக்ளோஃபினாக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் குடல் புண், சிறுநீரகக் கோளாறு வரலாம்.

அமெரிக்காவில் ஆக்ஸிகோடோன் என்ற கடுமையான வலி மாத்திரைகளை வரைமுறையில்லாமல் எழுதி ஏராளமானோர் இறந்தார்கள். 2016-ல் அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் சொன்ன அளவை உச்ச வரம்பு மாதிரி எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் மருந்தில் இருந்தவர்களுக்குக்கூடச் சட்டென்று நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தியதில் தற்கொலை வரை போகிறது என்று 2019-ல் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. 2022-ல் வழிகாட்டுதலைத் திருத்தினார்கள். இங்கேயும் டிரமடாலை இறுக்கிய பிறகு போதை வியாபாரம் டேபென்டடால் பக்கம் போனது. முதுகு வலிக்காரருக்கு அப்படி இடம் மாறிப் போக வழியில்லை.

கேள்வி (செம்மநத்தம், ஏற்காடு): அப்பாவுக்கு இரண்டு மாத டிரமடால் வாங்கி பஸ்ஸில் கொண்டுபோகிறேன். அடிவாரச் சோதனைச் சாவடியில் பிடிப்பார்களா?

பதில்: சொந்த மருத்துவத் தேவைக்கு 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சை என்று டாக்டர் குறிப்பாக எழுதியிருந்தால் 300 வரை. அட்டையைப் பிரிக்காமல், சீட்டும் அப்பா பெயர் போட்ட பில்லும் ஒரே கவரில் வையுங்கள். கேட்டால் காட்டுங்கள்.