ரேடியோ கேள்வி பதில்: பாலக்கோட்டு மாடியில கேட்ட ‘கர்ர்ர்’ யாரோடது?

கேள்வி: அண்ணா, ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டர்ல சொருகி ரேடியோ கேக்கற குச்சி) வாங்கி மாடியில ரெண்டு கம்பியை வி மாதிரி விரிச்சு கட்டியிருக்கேன். 145.825 மெகாஹெர்ட்ஸ்ல சாயங்காலம் ‘கர்ர்ர்’னு துண்டு துண்டா ஒரு சத்தம் வருது, ஏழெட்டு நிமிஷம் வந்துட்டு நின்னுடுது, ஒண்ணரை மணி நேரம் கழிச்சு மறுபடி வருது. ஒரு நாள் சத்தம் வந்த கையோட 108 வண்டி சைரன் போட்டுட்டு போச்சு. வெளிநாட்டுல தீயணைப்புக்காரங்களுக்கு பேஜர்லதான் (மெசேஜ் வாங்கற சின்னப் பெட்டி) தகவல் போகுதாமே, இது நம்மூர் 108 பேஜரா? (வாசகர், பாலக்கோடு)

பதில்: இல்ல தம்பி. நீங்க கேட்டது தலைக்கு மேல 400 கிலோமீட்டர் உயரத்துல போற சர்வதேச விண்வெளி நிலையம், அதுல ஹாம் ஆளுங்களுக்குன்னு, அதாவது லைசென்ஸ் வாங்கி ஹாபியா ரேடியோ நடத்தறவங்களுக்குன்னு, ஒரு பாக்கெட் ரிப்பீட்டர் (சின்ன டேட்டா துண்டை வாங்கி திருப்பி அனுப்பற கருவி) 145.825லதான் ஓடுது. அது பூமியை ஒரு சுத்து வர ஒண்ணரை மணி நேரம் ஆகும், நீங்க சொன்ன டைம் அப்படியே பொருந்துதா? சந்தேகம்னா வாட்டர்ஃபால்ல, அதான் சிக்னலை படமா காட்டற திரையில பாருங்க, முதல்ல வர்ற துண்டு 145.825க்கு ஒரு மூணு கிலோஹெர்ட்ஸ் மேல தெரியும், போகப்போக கீழ இறங்கி கடைசியில அதுக்கும் கீழ போயிடும், கிட்ட வந்து விலகிப் போறதால வர்ற இந்த நகர்வுக்கு பேரு டாப்ளர். தரையில நிக்கற டவர்ல இருந்து வர்ற சிக்னல் இப்படி நகராது. மல்டிமான்-என்ஜிங்கற டீகோடர் சாஃப்ட்வேர்ல ஏஎஃப்எஸ்கே1200 மோட் போட்டு விடுங்க, ஆர்எஸ்0ஐஎஸ்எஸ்னு அந்த நிலையத்தோட கால்சைன் (ரேடியோ அடையாளப் பேரு) வந்தா முடிஞ்சுது கதை. சைரன் விஷயம் தற்செயல்தான், விபத்துக்கு பேர் போன தொப்பூர் கணவாய் இருக்கற மாவட்டத்துல 108 சத்தம் எந்நேரம்தான் கேக்காது? நம்ம 108 மொத்தமும் கண்ட்ரோல் ரூம், ஃபோன்னு ஓடுது, பேஜர் கிடையாது.

சரி, நிஜ பேஜர் எப்படி கேக்கும்னு தெரிஞ்சுக்கோங்க, அதுதான் இந்த ஹாபியிலயே ருசியான இடம். அதிகமா இருக்கறது போக்சாக், பிரிட்டிஷ் தபால் துறை காலத்துல உருவான ஃபார்மட், ஸ்பீடு 512, 1200, 2400 பிட்னு மூணு. எந்த மெசேஜ் வந்தாலும் முன்னாடி 576 பிட்டுக்கு 1, 0, 1, 0ன்னு மாறி மாறி போகும், அதனால காதுக்கு ஒரே சீரான ‘ஊ...’ன்னு கேக்கும். 512ல அது ஒரு செகண்டுக்கு கொஞ்சம் மேல, தடிச்ச குரல், 256 ஹெர்ட்ஸ். 1200ல 600 ஹெர்ட்ஸ், அரை செகண்ட் கூட இருக்காது. அதுக்கப்புறம்தான் கரகரன்னு டேட்டா. பழகின ஆளு டீகோடர் திறக்கறதுக்கு முன்னாடியே இது 512, இது 1200ன்னு சொல்லிடுவாரு. நீங்க கேட்டதுல அந்த ‘ஊ’ இருக்காது பாருங்க.

அந்த ‘ஊ’ எதுக்குன்னா, பேஜர் பேட்டரியை மிச்சம் பிடிக்க தூங்கிட்டு இருக்கும், அப்பப்ப கண்ணை திறந்து பாக்கும், அப்ப இந்த சத்தம் இருந்தா முழிச்சுக்கும். முழிச்சாலும் மொத்தத்தையும் கேக்காது. டேட்டா பேட்ச் பேட்ச்சா வரும், ஒவ்வொரு பேட்ச்லயும் எட்டு ஃபிரேம்னு பிரிச்சிருக்கும், பேஜர் நம்பரோட கடைசி மூணு பிட் எந்த ஃபிரேமை சொல்லுதோ அதை மட்டும் கேட்டுட்டு படுத்துக்கும். அதான் ஒரே ஒரு ஏஏ செல்லுல வாரக்கணக்குல ஓடுது.

கேள்வி: நெதர்லாந்துல இருக்கற என் தம்பி, அங்க ஆம்புலன்ஸ் பேஜர் மெசேஜை யார் வேணா பாக்கலாம்னு அனுப்பறான். நிஜமாவா, தப்பில்லையா? (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: நிஜம்தாங்க. அங்க பி2000ன்னு ஒரு நெட்வொர்க், 169.65 மெகாஹெர்ட்ஸ், மோட்டரோலாவோட ஃபிளெக்ஸ் ஃபார்மட், பூட்டு எதுவும் கிடையாது. மெசேஜ்ல ஏ1ன்னு இருந்தா ரொம்ப அவசரம், சைரன் போட்டு போகணும்னு அர்த்தம். எந்த பேஜர் யாரோடதுன்னு பேரு வராது, வெறும் நம்பர்தான் வரும். ஒரு நம்பருக்கு எப்பவும் ஒரே ஊர் தீ விபத்துதான் வருதுன்னா அது அந்த ஊர் ஸ்டேஷன், இப்படி வருஷக்கணக்கா பாத்து பாத்து ஹாபி ஆளுங்க பெரிய பட்டியலே போட்டு வெச்சிருக்காங்க. மொபைல் வந்தும் ஏன் பேஜர்னா, ஒரே அடியில நூறு பேரை எழுப்பலாம், அலை கட்டடத்துக்குள்ள நல்லா நுழையும், திருவிழா கூட்டத்துல டவர் திணறுற மாதிரி திணறாது.

தப்பா இல்லையாங்கறது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன்ல 2006 சட்டப்படி உங்களுக்கு வராத மெசேஜை கேக்கறதே குத்தம், அமெரிக்காவுல 1986 சட்டப்படி குத்தம், வெறும் பீப் அடிக்கற பேஜருக்கு மட்டும் விலக்கு. இங்க 2023 தொலைத்தொடர்பு சட்டத்துல அனுமதியில்லாம இடைமறிச்சா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. என் கருத்து கேட்டா, நெஞ்சு வலின்னு படுத்திருக்கற ஒருத்தரோட வீட்டு முகவரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊருக்கு அனுப்பறது எந்த நாட்டுலயும் அசிங்கம்தான், சிக்னலை அடையாளம் கண்டுபிடிச்ச சந்தோஷம் போதாதா? தம்பிகிட்டயும் சொல்லுங்க.

கேள்வி: ஓசூர் மால்ல சாப்பாடு ரெடியானா கையில குடுத்த வட்டு நடுங்குதே, அதுவும் பேஜரா? (வாசகர், சூளகிரி)

பதில்: ஆமா, பேஜர்தான், பல மாடல்ல உள்ள ஓடறதும் போக்சாக்தான். பவர் கம்மி, மால் கட்டடத்தை தாண்டாது.

கேள்வி: ஒன்பதாவது படிக்கற பையன் இந்த ரேடியோவுலயே கிடக்கான், என்ன பண்றது? (வாசகர், தேன்கனிக்கோட்டை)

பதில்: ஹாம் லைசென்ஸ் எழுத சொல்லுங்க, 12 வயசு ஆனா போதும். அதுல ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு கிரேடு இருக்கு, ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு தந்தி பாஷை) தேவையில்ல, ஜெனரலுக்குத்தான் நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை வேகத்துல வேணும். பாலக்கோட்டு தம்பி கேட்ட அந்த விண்வெளி நிலையத்துக்கு அப்புறம் அவனே பாக்கெட் அனுப்பலாம்.