யானை மேல் கோலம்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்ப் பேரங்காடி வாசலில் வைக்க ஆளுயர ஃபைபர்கிளாஸ் யானை ஒன்றுக்குச் சாயம் தீட்டும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. உடம்பு முழுக்கச் சிக்குக் கோலம் போட ஆசை. தாளில் வரைந்ததை யானை மேல் ஏற்றினால் கோணிக்கொண்டு போகிறது. வெயில் மழைக்குத் தாங்குமா என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தாளை எடுத்து வைத்துவிடுங்கள். கோலம் சமதரைக்குப் பிறந்தது. யானை வயிறோ எல்லாப் பக்கமும் வளைந்து ஓடுகிறது. புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் விலாவில் சரியாக உட்காரும், தொடைக்கு வரும்போது முட்டி மோதும். விலாவின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கால் பக்கம் போகப் போக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த உடம்பிலேயே சாக்பீஸால் போடுங்கள், பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளலாம். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் குந்தி உட்கார்ந்தும் பாருங்கள். பேரங்காடியில் யானையைத் தொட்டுப் பார்ப்பது பிள்ளைகள்தான். அவர்கள் கண்ணுக்கு நேராக இருப்பது வயிறும் முழங்காலும். அந்த இடத்தில் ஏதோ ஒரு நிறத்தைப் பூசி முடித்துவிடுகிறார்கள் பலர். எனக்கு அது மனசு தாங்காது.

முகத்தில் கோலம் குறைவாக இருக்கட்டும். கண்ணைச் சுற்றி ஒரு சாண் அளவு ஒரே நிறமாக விடுங்கள். அப்போதுதான் பார்வை எடுபடும்.

இனி சாயம் நிற்கிற விஷயம். சிலை எளிதாகக் கழன்று வர அச்சில் மெழுகு தடவுவார்கள். அது சிலை மேலும் ஒட்டியிருக்கும். அதைப் போக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் சாயம் தோல் தோலாக உரியும். ஆகவே கார் சாயக் கடையில் கிடைக்கும் மெழுகு நீக்கியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு 320 எண் உப்புத்தாள் போடுங்கள். அதன்மேல் பிரைமர், அப்புறம் அக்ரிலிக் சாயம்.

ஃப்ளோரசண்ட் நிறங்கள் வேண்டவே வேண்டாம். நம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். டியூபின் பின்பக்கம் நிறமிக் குறியீடு இருக்கும், அதைப் படித்து வாங்குங்கள். பிஆர்101 என்ற காவிச் சிவப்பு, பிபி15 என்ற தாலோ நீலம், டைட்டானியம் வெள்ளை, இவை நிற்கும்.

கடைசிப் பூச்சு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும், இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இரு பாகப் பாலியூரிதேன். இதை வீட்டில் அடிக்காதீர்கள். அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுக்கும். கார் சாயப் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள். மழை நாளில் அடித்தால் பூச்சு மங்கிப்போகும், காய்ந்த நாளாகப் பாருங்கள்.

சிகாகோவில் 1999இல் இதுபோலச் சாயம் தீட்டி வீதியெங்கும் நிறுத்திய மாட்டுச் சிலைகளைக் கண்காட்சி முடிந்ததும் ஏலம் விட்டார்கள். உங்கள் யானையும் இடம் மாறலாம், ஏற்றி இறக்கும்போது உரசலாம். அதனால் கலந்த நிறங்களில் கொஞ்சத்தைச் சின்னச் சின்னப் புட்டியில் அடைத்து, எந்த நிறம் எந்த இடத்துக்கு என்று எழுதி ஒட்டி வையுங்கள்.