வாசகர் கேள்வி பதில்: பேப்பர் மில்லும் வாக்குவம் பம்பும்

கேள்வி: நம்ம பக்கம் தைலமரம் வெட்டி லாரி லாரியா பேப்பர் மில்லுக்குப் போகுதேன்னு பேரன்ட்ட கேட்டேன். அங்க கூழ்ல தண்ணிய ஊத்தி, அப்புறம் அந்தத் தண்ணிய எடுக்கத்தான் பாதிச் செலவுங்குறான். அப்ப முதல்ல எதுக்கு ஊத்துறாக? (ஓர் ஆச்சி, காரைக்குடி)

பதில்: நல்ல கேள்வி ஆச்சி, ஆனா ஊத்தாம முடியாது. கூழு கெட்டியா இருந்தா நாரு ஒண்ணோட ஒண்ணு திரண்டு பேப்பர் திட்டுத் திட்டா வந்துரும், அதனால நூத்துக்கு 99 பங்கு தண்ணியாத்தான் ஓடுற சல்லடை மேல விடுறாக, அதுக்கு வயர்னு பேரு. அங்க வடிஞ்ச தண்ணி பெரும்பாலும் திரும்ப கூழுக்கே போயிரும், வீணாகுறதில்ல.

வயரத் தாண்டும்போது ஒரு கிலோ நாருக்கு 4 கிலோ தண்ணி இருக்கும், அடுத்து ஃபெல்ட்டுங்குற கம்பளி மாதிரி துணி மேல வச்சு, பிரெஸ்ஸுங்குற எடத்துல ரோலுக்கு நடுவுல அமுக்கி பிழிஞ்சா ஒண்ணேகால் ஒன்றரை கிலோவுக்கு வரும். மிச்சத்தை நீராவி ஓடுற ட்ரையர்ல காய வைக்கணும், காசு போறது அங்கதான். ஈரச்சேலையப் பிழியாம கொடியில போட்ட கதை. பிரெஸ்ஸத் தாண்டும்போது பேப்பர் 1 சதவீதம் கூடுதலா காஞ்சிருந்தா ட்ரையர்ல கிட்டத்தட்ட 4 சதவீத நீராவி மிச்சம்.

கேள்வி: அண்ணே, சொந்த ஊரு தேவகோட்டை, உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு கிராஃப்ட் பேப்பர் மில்லுல மெயின்டனன்ஸ் பாக்குறேன். ஈரத்த உறிஞ்ச வாக்குவம் குடுக்குற அஞ்சு வாட்டர் ரிங் பம்பு (உள்ள தண்ணி வளையமா சுத்தி காத்த இழுக்குறது) ஓடுது, எல்லாத்தையும் தூக்கிட்டு வேகமா சுத்துற விசிறியால காத்த இழுக்குற டர்போ ப்ளோயர் போட்டா வாக்குவம் கரண்ட் பாதியாயிடும்னு விக்க வந்தவரு சொல்றாரு. முதலாளி என்னையக் கேக்குறாரு, என்ன சொல்லட்டும்?

பதில்: தம்பி, அவரு சொல்றது நடக்காததுல்ல, ஆனா மெஷினப் பாக்காமலே பாதின்னு சொல்றாரு பாருங்க, அதுதான் இடிக்குது.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு ஷிப்டுல வாக்குவம் லைன் கூடவே நடந்து போங்க, ப்ளீட் வால்வு (வாக்குவம் கூடிப்போனா வெளிக்காத்த உள்ள விடுற வால்வு) எங்கயாச்சும் உஸ்ஸுன்னு காத்த உள்ள இழுத்துட்டு இருக்கா பாருங்க, இருந்தா அந்த பம்பு வேண்டாத காத்த இழுக்குறதுக்கு கரண்ட் தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். அடுத்து தண்ணிய அளங்க. ஃபெல்ட்ட உறிஞ்சுற யூல் பாக்ஸ்ல இருந்து எவ்வளவு வருது, பிரெஸ் நிப்புக்கு, அதாவது ரெண்டு ரோலும் சேந்து அமுக்குற எடத்துக்குக் கீழ ட்ரேயில எவ்வளவு வருதுன்னு ரெண்டையும் தனித்தனியா, வாளியும் ஸ்டாப்வாட்சும் வச்சாவது பாருங்க. நிறைய தண்ணி நிப்புலயே இறங்கிட்டா யூல் பாக்ஸ் வாக்குவத்த கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாக்கலாம், பேப்பர் ஈரம் ஏறலைன்னா அதுவே போதும். வாக்குவத்தக் கூட்டுனா தண்ணி கூட வரும்னு ஆபரேட்டருங்க எல்லாரும் நம்புவாக, ஒரு அளவுக்கு மேல ஃபெல்ட்டு பாக்ஸோட ஒட்டிக்கிட்டு இழுக்கும், டிரைவ் மோட்டார் ஆம்பியர் ஏறும், ஃபெல்ட்டும் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். புது ஃபெல்ட்டு போட்ட கொஞ்ச நாளு மட்டும் வாக்குவம் கூட வேணும், அந்த நேரத்துல இந்த சோதனை வேண்டாம்.

இப்படிப் பாத்து ஒரு பம்ப நிறுத்த முடிஞ்சா செலவில்லாம லாபம். அதுக்கப்புறமும் தேவை இருந்தா டர்போ பத்திப் பேசுங்க, வேகத்த தேவைக்குத் தக்கன மாத்தலாம், வெளிய வர்ற சூடான காத்த ட்ரையர் பக்கம் திருப்பலாம், நல்ல சாமான்தான். ஆனா விலை கூட, தண்ணியும் நாரும் உள்ள போனா அதுல சுத்துற விசிறி, இம்பெல்லர், போச்சு, அதனால காத்துலேருந்து தண்ணியப் பிரிக்குற செப்பரேட்டர் சரியா இருக்கணும். இருக்குற பம்புக்கே மோட்டார் வேகத்த மாத்துற விஎஃப்டி போடலாமேன்னு தோணும், போடலாம், ஆனா வேகம் ரொம்பக் குறைஞ்சா உள்ள தண்ணி வளையம் நிக்காது, பம்பு இழுக்காது.

கேள்வி: மில்லுல ட்ரெய்னிங் போயிருக்கேன் சார். வெயில் காலத்துல மத்தியானம் வாக்குவம் இறங்கிருது, பம்புல கோளாறா? (டிப்ளமோ மாணவர், பள்ளத்தூர்)

பதில்: மொதல்ல சீல் வாட்டர், அதாவது பம்புக்குள்ள வளையமா சுத்துற தண்ணி, அதோட சூட்டப் பாருங்க தம்பி. தண்ணி சூடானா பம்புக்குள்ளயே ஆவியாகி இடத்தப் புடிச்சுக்கும், காத்து இழுக்குறது குறையும். கூலிங் டவர் ஒழுங்கா ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் பம்பக் கழட்டலாம். போர்த் தண்ணி உப்பா இருந்தா உள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கும், அதையும் கேட்டுப் பாருங்க.