இசை விழா நடத்தினால் பிளவுபட்ட மக்கள் பேசிக்கொள்வார்களா?

பேசுவார்கள், ஆனால் விழா எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்து. இலங்கையில் 2009இல் போர் முடிந்தது. 2011 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் இசை விழா நடந்தது. அடுத்த ஆண்டு தெற்கே காலியில், அப்புறம் 2013இல் மறுபடி யாழ்ப்பாணம். இந்த மாறி மாறி நடத்தும் ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தரப்பு மட்டுமே எப்போதும் விருந்தாளியாக இருக்க வேண்டியதில்லை.

தமிழரின் கூத்து மத்தளத்தையும் சிங்களவரின் கண்டி நடன மேளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தோல், இரண்டிலும் இழுத்துக் கட்டிய வார். சுருதி இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க அதிகம் மொழி வேண்டாம், கை போதும். அதனால் மேடை நேரத்தைக் குறைத்தாவது கலைஞர்கள் சேர்ந்து உட்கார நேரம் கொடுங்கள். அறிவிப்பு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். காணி, காணாமல் போனோர் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பாட்டு பதிலாகாது. அதை அரசுதான் சொல்ல வேண்டும்.