கணவரின் மலேசியச் சம்பளம் போதுமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்கக் குடிமகன். இருவரும் கோலாலம்பூரில் இருக்கிறோம். என் குடியேற்ற விசாவுக்கு அவருடைய இங்குள்ள சம்பளச் சீட்டே போதுமா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: போதாது, சகோதரி. உங்கள் செலவுக்குத் தான் பொறுப்பு என்று உறுதியளிக்கும் ஐ-864 படிவத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். பிள்ளைகள் இல்லையென்றால் குடும்ப எண்ணிக்கை 2. உங்களைச் சேர்க்க மறந்து 1 என்று எழுதிவிடுகிறார்கள்.

இங்கு வாங்கும் சம்பளம், அங்கு போன பிறகும் அதே வேலையிலிருந்து வந்தால்தான் சேரும். இல்லையேல் சேமிப்பைக் காட்டுங்கள்: துண்டு விழும் தொகையைப் போல் 3 மடங்கு. உங்கள் பெயரிலுள்ள ஃபிக்சட் டெபாசிட்டும் சேரும். அதுவும் பற்றாவிட்டால், அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டுப் பொறுப்பாளர் ஆகலாம். அப்போதும் கணவரின் படிவம் கட்டாயம்.

பலர் சிக்குவது வரிக் கணக்கில்தான். மலேசியாவில் வரி கட்டிய ரசீது இதற்கு ஈடாகாது, அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அவர் தாக்கல் செய்த கடைசி ஆண்டுக் கணக்கு வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் அந்தக் கடமை உண்டு. விடுபட்டிருந்தால் முதலில் அதைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். கணவரும் அமெரிக்காவில் குடியேறப் போவதற்கு வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம் போன்ற சான்றையும் இணையுங்கள். கணவர் ஒன்றை அறிந்தே கையெழுத்திடட்டும்: விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு நீங்காது.