அகமதாபாத் பெயரைச் சுமக்கும் சில்லை

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரை நாணலில் ஒரு சின்னஞ்சிறு சிவப்புப் பறவையைப் பார்த்தேன். கைபேசிச் செயலி அதை ‘ரெட் அவடவாட்’ என்கிறது. பழைய கையேட்டில் ‘ரெட் முனியா’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? பள்ளிக் கணக்கெடுப்பில் எந்தப் பெயரை எழுதுவது?

பதில்: ஒரே பறவைதான். தமிழில் ‘சிவப்புச் சில்லை’ என்று எழுதுங்கள். பக்கத்திலேயே ‘அமந்தவா அமந்தவா’ என்ற அறிவியல் பெயரையும் சேர்த்துவிட்டால் குழப்பமே வராது. வெறும் ‘முனியா’ போதாது. அது வடநாட்டு வழக்கு. புள்ளிச் சில்லை உட்படப் பல இனங்களுக்கும் அதுவே பெயர்.

‘அவடவாட்’ என்பது அகமதாபாத்தான். 17ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து இந்தப் பறவைகள் கூண்டு கூண்டாக விற்பனைக்குப் போயின. ஊரின் பெயர் வெள்ளைக்காரர் வாயில் சிதைந்து, பறவையின் மேல் ஒட்டிக்கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் ஃபிரையர் 1698இல் வெளியிட்ட பயண நூலில், அகமதாபாத்திலிருந்து வந்த இந்தப் புள்ளிக் குருவிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு கூண்டில் ஐம்பது இருக்குமாம்; ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்து பாடுமாம். அடைத்து வைத்தவர்களுக்கு அது கச்சேரி! 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இட்ட ‘அமந்தவா’வும் அதே ஊர்ப்பெயரின் இன்னொரு திரிபு. பிற்பாடு பேரினத்துக்கும் (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கும்) அதையே வைத்ததால், அறிவியல் பெயரில் அகமதாபாத் இரண்டு முறை வருகிறது.

இந்தப் பெயரை வைத்து இது குஜராத் பறவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பாகிஸ்தானிலிருந்து ஜாவா வரை புல்லும் நீரும் உள்ள இடங்களில் வாழ்கிறது. அகமதாபாத் அன்று இதன் சந்தை, அவ்வளவுதான்.

கணக்கெடுப்பில் பலர் சறுக்குவது வேறு இடத்தில். வெண்புள்ளிகளுடன் கூடிய அந்தச் செந்நிறம் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே. மற்ற மாதங்களில் அதுவும் பெண்ணைப்போல மங்கிய பழுப்பாகிவிடும். அப்போது சிவந்த பிட்டத்தையும் கறுத்த வாலையும், இறக்கையிலுள்ள வெண்புள்ளிகளையும் பாருங்கள். பழுப்புப் பறவைகளை வேறு இனமாகப் பதிந்துவிட வேண்டாம்.

கூண்டுப் பறவை விற்பவர்கள் இதையே ‘ஸ்ட்ராபெரி ஃபிஞ்ச்’ என்பார்கள். வெளிநாட்டுப் பறவை என்று நம்பி மாணவர்கள் வாங்கிவிடக்கூடும். காட்டில் வாழும் இந்தியச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவர்களிடம் சொல்லிவையுங்கள்.