ஓபோவும் சீவாளியும்

வணக்கம் ஐயா. மூன்று வருடமாகச் சென்னையில் ஓபோ என்ற மேற்கத்திய ஊதுவாத்தியம் கற்கிறேன். இருப்பது பிளாஸ்டிக் உடலுள்ள மாணவர் ஓபோ. மேல் ஸ்தாயியில் சுருதி நிற்பதில்லை, கீழே சில ஸ்வரங்கள் பேசுவதே இல்லை. கடன் வாங்கியாவது லோரே வாங்கலாமா, இல்லை ஹோவர்த்தா? நம் வெயிலுக்கு மரம் தாங்குமா?
எஸ். (கடிதம் சுருக்கப்பட்டது)

அன்புள்ள எஸ்.,

லோரே 1881 முதல் பாரிஸில் செய்கிறார்கள், ஹோவர்த் லண்டன். இரண்டுமே இப்போதைக்கு உங்களுக்கு அதிகம். எதை வாங்கினாலும் இடது கைச் சுண்டுவிரலாலும் எஃப் ஸ்வரம் எடுக்க உதவும் 'இடது கை எஃப் கீ' இருக்கட்டும். மரத்துக்கு எமன் வெயில் மட்டுமல்ல, ஏ.சி.யில் குளிர்ந்த மரத்துக்குள் போகும் சூடான மூச்சும்தான். புதுசு என்றால் முதல் சில வாரம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கீழ் ஸ்வரம் பேசாவிட்டால் துளையை மூடும் பேட் எங்காவது கசிகிறதா என்று பழுது பார்க்கிறவரிடம் காட்டுங்கள். சரி, அது முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். இரண்டு பக்கக் கடிதத்தில் ரீடு, அதாவது வாயில் வைத்து ஊதும் அந்த நாணல் துண்டு, அந்தச் சொல் ஒரு இடத்தில்கூட இல்லையே அம்மா!

எங்கள் ஊர்க் கோயில் நாகஸ்வரக்காரரின் வாத்தியத்தில் ஒரு கொத்துச் சீவாளியும் (நாகஸ்வரத்தின் ரீடு அதுதான்) தந்த ஊசியும் நூலில் தொங்கும். சாயரட்சைக்கு முன் மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாயில் ஊறவைப்பார். ஊசியை உள்ளே விட்டுச் சீவாளியின் வாயைக் கொஞ்சம் திறப்பார். தனியாக ஊதிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார். எட்டு வயதில் நான் அதில் ஒன்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். நெடுக விரிசல். அவர் என்னைத் திட்டவில்லை, சீவாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு, "இன்னிக்கு ஏன் தோடி வாசிக்கல?" என்று கேட்டபடி அப்பா சாப்பிட்டார். நான் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

உங்கள் ரீடும் நாணல்தான். பிரான்சின் தெற்கே வார் பகுதி நாணலுக்குப் பெயர் அதிகம். நடுவில் 0.6 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த பிறகுதான் கத்தி வேலையே தொடங்குகிறது. எங்கோ குளிர்நாட்டில் சுரண்டிய ரீடு, சென்னை ஈரக்காற்றில் வேறு ஆளாகிவிடும். அதைக் கழற்றித் தனியாக ஊதிப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்கப் பாணி ரீடு என்றால் இரண்டு ஸ்தாயியில் 'ஸி' கேட்க வேண்டும். அது கேட்காமல் வாத்தியத்தைக் குறை சொல்வது, மாவு புளிக்காததற்குக் கல்லை மாற்றுவது மாதிரி.

வாத்தியத்தை மாற்றக்கூடாது என்று சொல்லவில்லை. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையே குட்டையான, உச்ச சுருதி நாகஸ்வரமான திமிரியை விட்டு, நீளமான, சுருதி குறைந்த பாரிக்கு வந்தவர்தான். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அதை அவருக்காகச் செய்தார். திமிரியில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாக நிற்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஓபோவில் எந்த ஸ்வரம், எந்த ரீடில், எவ்வளவு விலகுகிறது? அதை எழுதவில்லையே.

கடன் வாங்காதீர்கள். ஒரு கத்தி, கொஞ்சம் நாணல், நூல் வாங்குங்கள். இருபது ரீடாவது பாழாகட்டும். அப்புறம் எழுதுங்கள், லோரே பற்றிப் பேசுவோம்.